அம்மாவின் பால்கோவாவும் மைக்ரோவேவ் அடுப்பும்

பண்டிகை என்றால் பலகாரம். பலகாரம் என்றால் அடுப்படி. அடுப்படி என்றால் அம்மா. இந்த வரிசை நம் இல்லங்களில் நெடுங்காலமாக மாறாமல் இருந்து வருகிறது. பிழைப்பை நாடிப் பெங்களூருக்கு வந்தோம். மொழி மாறிற்று, தட்பவெப்பம் மாறிற்று, வீட்டு வாடகை ஆண்டுதோறும் மாறிக்கொண்டேயிருக்கிறது. ஆயினும் தீபாவளிக்கு முதல் நாள் இரவு நம் வீடுகளில் எழும் நெய் மணம் மட்டும் மாறவில்லை. ஆனால், அந்த அடுப்பின் முன் நிற்பவருக்கு ஆண்டுதோறும் வயது ஏறுகிறதே, அதனை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் அதை எண்ணிப் பார்க்க நேர்ந்தது. அதனால் ஒரு சிறு சமையல் முறையைக் கற்றேன். அதை அன்பர்களுடன் பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரை. நான் பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ரயில்வே பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தா. சமையற்கலை வல்லுநன் அல்லன். கற்றதையும் கெட்டதையும் உள்ளபடியே எழுதுகிறேன்.

கரண்டி நின்ற இரவு

எங்கள் ஊர் திருவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயிலுக்கு அடுத்தபடியாக அவ்வூரின் பெயரை நாடறியச் செய்தது பால்கோவா. அங்கே அகன்ற இரும்புச் சட்டிகளில் பசும்பாலை ஊற்றி, சர்க்கரை சேர்த்து, விறகு அடுப்பில் வைத்து, நீண்ட கரண்டியால் இடைவிடாது கிண்டுவார்கள். கிண்டும் கை நின்றால் பால் அடிபிடிக்கும். அடிபிடித்த பாலை எந்த ஏலக்காயாலும் மறைக்க இயலாது. இரு பொருள், ஒரு நெருப்பு, ஓயாத கை: இவ்வளவுதான் அதன் இரகசியம்.

என் அன்னையார் அம்முறையிலேயே வீட்டில் பால்கோவா கிண்டுவார். தந்தையார் மறைந்த பின் எங்களுடன் வந்து தங்கினார். விறகு அடுப்பு கேஸ் அடுப்பாயிற்று, ஊர்ப்பால் நந்தினிப் பாலாயிற்று, அவ்வளவே வேறுபாடு. ஒவ்வொரு தீபாவளிக்கும் மூன்று லிட்டர் பால் வாங்குவோம். இரவு உணவு முடிந்ததும் அவர் கரண்டியை எடுத்தால், நான் இரவுப் பணி முடிந்து திரும்பும்போது தட்டில் பால்கோவா ஆறிக்கொண்டிருக்கும்.

சென்ற ஆண்டு நான் திரும்பியபோது அடுப்பு அணைந்திருந்தது. சட்டியில் பாதி வற்றிய பால் ஆடை கட்டிக் கிடந்தது. அம்மா சுவரில் சாய்ந்து, வலக்கையை இடக்கையால் பிடித்தபடி அமர்ந்திருந்தார். சில மாதங்களாகவே அவருக்கு விரல் மூட்டுகளில் வீக்கம்; எங்களிடம் சொல்லவில்லை. என் மனைவி அலுவலகத்திலிருந்து களைத்து வந்து உறங்கிவிட்டாள். அவளை எழுப்பவும் இவருக்கு மனம் வரவில்லை.

"கை ஓடலைய்யா. இனிமே இந்த வீட்டிலே எனக்கு என்ன வேலை இருக்கு?" என்றார்.

பால்கோவா இல்லாத தீபாவளியைப் பற்றி நான் கவலைப்படவில்லை. கடைகளில் இனிப்புக்குப் பஞ்சமில்லை. மைசூரிலிருந்து பெங்களூர் வழியாகத் தூத்துக்குடி செல்லும் விரைவு வண்டியில் இரவு ஏறினால், விடிந்தபின் விருதுநகரில் இறங்கித் திருவில்லிபுத்தூருக்கே போய் வாங்கி வரலாம். பண்டிகைக் காலத்தில் எங்களுக்கு விடுப்புக் கிடைப்பதுதான் அரிது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்குக் கடையில் விடை கிடைக்காது அன்றோ?

நான் செய்த தவறு

எங்கள் வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பு ஒன்று இருந்தது. போனஸ் பணத்தில் வாங்கியது. சோறு சூடாக்குவதற்கும் குழந்தைக்குப் பால் சூடாக்குவதற்கும் தவிர வேறெதற்கும் அதைப் பயன்படுத்தியதில்லை. அம்மா அதற்கு இட்ட பெயர் 'பெட்டி'. அதில் பால்கோவா செய்யலாம் என்று அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார்: "இனிப்பூட்டிய கட்டிப்பால் ஒரு டின், பால்பவுடர், நெய். ஐந்து நிமிடம். முடிந்தது!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே முயன்றேன். எல்லாவற்றையும் ஒரு சிறு கிண்ணத்தில் கலந்து, ஐந்து நிமிடத்திற்கு முடுக்கிவிட்டுச் செய்தித்தாள் படிக்கப் போனேன். இரண்டாம் நிமிடத்தில் பால் பொங்கிக் கிண்ணத்தைத் தாண்டிற்று. கதவைத் திறந்தபோது ஓரங்கள் கருகியிருந்தன. நடுப்பகுதியோ கூழாக இருந்தது. அம்மா எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தட்டைச் சுரண்டிக் கழுவ எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. தவறு எங்கே என்று அறிய விரும்பி, அந்த அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன்.

இனிப்பினால் பிறந்த அடுப்பு

இந்த அடுப்பின் பிறப்புக்கும் ஓர் இனிப்பே காரணம் என்பதை அறிந்து வியந்தேன். இரண்டாம் உலகப் போரில் பகை விமானங்களைக் கண்டறியும் ராடார் கருவிக்கு 'மேக்னட்ரான்' என்னும் குழல் இன்றியமையாததாக இருந்தது. அதன் ஆற்றல் மிக்க வடிவத்தை 1940-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டல், ஹாரி பூட் என்னும் இருவர் உருவாக்கினர். அமெரிக்காவில் ரேதியான் நிறுவனத்தில் பணியாற்றிய பெர்சி ஸ்பென்சர், 1945-ஆம் ஆண்டளவில் இக்குழலின் அருகே நின்றபோது, தம் சட்டைப்பையிலிருந்த மிட்டாய்க் கட்டி உருகியிருப்பதைக் கண்டார் என்பர். பள்ளிப் படிப்பை முடிக்காத அவர், அதன் காரணத்தைத் தேடிப் போனார். 1947-இல் முதல் அடுப்பு விற்பனைக்கு வந்தது. அது ஏறத்தாழ ஆறடி உயரம். முந்நூறு கிலோவுக்கும் மேல் எடை. மேசைமேல் வைக்கத்தக்க சிறிய வீட்டு அடுப்பு பரவலாக விற்பனைக்கு வந்தது 1967-இல்தான்.

இந்த அடுப்பில் நெருப்பு இல்லை. மேக்னட்ரான் வெளியிடும் நுண்ணலைகள் உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை ஒரு நொடியில் பல கோடி முறை அசைக்கின்றன. அந்த அசைவே வெப்பமாகிறது. ஆனால் அலைகள் உணவுக்குள் ஓரிரு அங்குலத்துக்கு மேல் வலிமையுடன் செல்வதில்லை. பெட்டியின் எல்லா இடத்திலும் அவை ஒரே அளவாகவும் விழுவதில்லை. தட்டு சுழல்வது அக்குறையை ஓரளவு ஈடு செய்யவே. ஓரம் கருகி நடுப்பகுதி கூழாக நின்ற காரணம் இப்போது விளங்கிற்று. ஓயாத கிண்டல் தேவையில்லை. ஆனால் கிண்டாமலும் இருக்க முடியாது. நிமிடத்திற்கு ஒருமுறை வெளியே எடுத்து நன்கு கலக்கினால் போதும். அதற்குக் கைவலிமை வேண்டுவதில்லை.

விரைவு எங்கிருந்து வந்தது?

மூன்று மணி நேர வேலையை ஐந்து நிமிடத்தில் முடிப்பது இந்தப் பெட்டியின் திறமை என்றே நான் எண்ணியிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோது அவ்வெண்ணம் பிழை என்று தெரிந்தது. குமாஸ்தாவுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியுமா?

பசும்பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பங்கு தண்ணீர். ஒரு லிட்டர் பாலில் கொழுப்பு, புரதம், பாற்சர்க்கரை எல்லாம் சேர்ந்து 125 கிராம் அளவுதான் தேறும். மீதியெல்லாம் ஆவியாகிப் போக வேண்டிய தண்ணீரே. 800 வாட் ஆற்றலுள்ள மைக்ரோவேவ் அடுப்பில் ஒரு லிட்டர் பச்சைப்பாலை வைத்துப் பால்கோவாப் பதத்திற்கு வற்றவைக்க முயன்றால், எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். மூன்று லிட்டருக்கு இரண்டு மணி நேரத்திற்கும் மேல்! தண்ணீரை ஆவியாக்கும் வெப்பத்தில் எந்த அடுப்பும் சலுகை தருவதில்லை.

ஆகவே விரைவு பெட்டியிலிருந்து வரவில்லை, டின்னிலிருந்து வந்தது. 400 கிராம் இனிப்பூட்டிய கட்டிப்பாலில் நூற்றுக்கு 31 பங்கு பாலின் சத்து எனக் கொண்டால், 124 கிராம் ஆகிறது. அது ஒரு லிட்டர் பாலின் சாரம். 200 கிராம் பால்பவுடரில் இன்னும் ஒன்றரை லிட்டர் பாலின் சாரம் அடங்கியிருக்கிறது. இரண்டரை லிட்டர் பாலை யாரோ, எங்கோ, ஓர் ஆலையில் முன்னரே நமக்காக வற்றவைத்துவிட்டார்கள்!

பாலை இவ்வாறு கட்டியாக்கிச் சேமிக்கும் முறைக்கு அமெரிக்கரான கெயில் போர்டன் 1856-இல் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் 1955-ஆம் ஆண்டு குஜராத்தின் ஆனந்த் நகரில் தொடங்கிய கூட்டுறவுப் பால் ஆலையில் எருமைப்பாலைத் தூளாக்கிக் காட்டினார்கள். எருமைப்பாலில் அது கைகூடாது என மேல்நாட்டு வல்லுநர் பலர் கருதியிருந்த காலம் அது. அதனைச் செய்து காட்டிய பொறியாளர் எச். எம். தலாயா. உழைப்பு மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்படிச் சொல்லு. பாலு வத்தாம கோவா ஏது?" என்றார். பெட்டியின் மேல் அவருக்கிருந்த ஐயம் அன்றுதான் சற்றுத் தணிந்தது.

செய்முறை

இரண்டாம் முயற்சியில் நான் செய்தித்தாள் படிக்கவில்லை. அம்மா நாற்காலி போட்டுப் பெட்டியின் முன் அமர்ந்தார். நான் கலக்கினேன், அவர் பார்த்தார். அன்று அமைந்த முறை இது.

வேண்டிய பொருள்கள்: இனிப்பூட்டிய கட்டிப்பால் 400 கிராம்; கொழுப்பு நீக்காத பால்பவுடர் 200 கிராம்; நெய் இரண்டு மேசைக்கரண்டி; புளிக்காத கெட்டித் தயிர் ஒரு மேசைக்கரண்டி; ஏலக்காய்ப் பொடி ஒரு சிட்டிகை. சர்க்கரை சேர்க்க வேண்டியதில்லை.

பாத்திரம் மைக்ரோவேவுக்கு ஏற்ற தடித்த கண்ணாடிக் கிண்ணமாக இருத்தல் வேண்டும். இரண்டு லிட்டர் கொள்வதாயின் நல்லது. கலவை அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரம்பலாகாது. பொங்குவதற்கு இடம் வேண்டும்.

முதலில் நெய்யைக் கிண்ணத்தில் இட்டு அரை நிமிடம் சூடாக்கி உருக்குக. கட்டிப்பாலையும் தயிரையும் ஊற்றிக் கலக்குக. பால்பவுடரைச் சிறிது சிறிதாகத் தூவி, கட்டி தட்டாமல் கலக்குக. தயிர் சேர்ப்பது அம்மாவின் யோசனை. தயிரின் புளிப்பு பாலின் புரதத்தைச் சிறிது திரியச் செய்யும்; அதனால் பால்கோவாவுக்கே உரிய மணல் போன்ற நயம் கிடைக்கும். தயிர் இல்லையெனில் பிசினைப் போல் வழவழப்பாக இருக்கும்.

இனி, முழு ஆற்றலில் ஒரு நிமிடம் வைத்து, வெளியே எடுத்து, ஓரத்தையும் அடியையும் வழித்து நன்கு கலக்குக. மீண்டும் ஒரு நிமிடம், மீண்டும் கலக்குக. மூன்றாம் முறை முதல் அரை நிமிடம் அரை நிமிடமாக வைக்க வேண்டும். 800 வாட் அடுப்பில் மொத்தம் நான்கு முதல் ஐந்து நிமிடம் பிடிக்கும். ஆனால் ஒவ்வோர் அடுப்பும் வேறு. ஒவ்வொரு பால்பவுடரும் வேறு. ஆகவே கடிகாரத்தை நம்பாமல் பதத்தை நம்புக. கலவை கிண்ணத்தின் ஓரத்தை விட்டுக் கரண்டியைச் சுற்றித் திரளும், பளபளப்புக் குறையும், நெய் இலேசாகக் கசியும். அப்போது நிறுத்திவிட வேண்டும். இன்னும் சற்று இளகியிருப்பதாகத் தோன்றினாலும் நிறுத்துக. வெளியே எடுத்த பின்னும் உள்வெப்பம் சிறிது நேரம் வேலை செய்யும், ஆறும்போது இறுகும்.

ஏலக்காய்ப் பொடி சேர்த்து, நெய் தடவிய தட்டில் பரப்பி, இரண்டு மணி நேரம் ஆறவிட்டுத் துண்டுகளாக்குக. முப்பது துண்டுகள் வரும். செய்ய ஐந்து நிமிடம்; ஆற இரண்டு மணி நேரம். இந்த இரண்டாவதை எந்தப் பெட்டியாலும் குறைக்க இயலாது.

விழிப்பாக இருக்க வேண்டியவை

கொதிக்கும் சர்க்கரையும் பாலும் தண்ணீரைவிடக் கொடியவை. தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். கிண்ணத்தைத் துணி கொண்டே எடுக்க வேண்டும். குழந்தைகளை அப்போது அருகில் விடலாகாது. எவர்சில்வர் பாத்திரத்தையோ, கரண்டியையோ உள்ளே வைத்து முடுக்கினால் பொறி பறக்கும். இனிப்பும் நெய்யும் மிகுந்த சூட்டை அடைவதால் பிளாஸ்டிக் கிண்ணத்தையும் தவிர்ப்பது நன்று.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த ஒரு டின்னில் சேர்க்கப்பட்ட சர்க்கரையே ஏறத்தாழ 175 கிராம். முப்பது துண்டாக்கினால் துண்டுக்கு ஆறு கிராம். பாலின் இயற்கைச் சர்க்கரை வேறு. எளிதில் செய்ய முடிகிறது என்பதற்காக வாரந்தோறும் செய்யத் தொடங்கினால், மிச்சமான நேரத்தை மருத்துவமனை வரிசையில் செலவிட நேரிடும்.

பெயரும் பெருமையும்

இரண்டாம் முயற்சியில் ஒரு துண்டை வாயிலிட்ட அம்மா, சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நம்ம ஊர் பால்கோவா இல்லைய்யா" என்றார். அது உண்மையே. விறகுப் புகையும், நெடுநேரம் காய்ந்த பாலின் செம்மையும் இதில் இல்லை. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா என்னும் பெயருக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அப்பெயர் அந்த ஊரின் பாலுக்கும் அந்த ஊரின் கைகளுக்கும் உரியது. நாம் வீட்டில் ஐந்து நிமிடத்தில் செய்வதற்கு அப்பெயரை இடுவது முறையன்று. எங்கள் வீட்டில் இதற்குப் 'பெட்டிப்பால்' என்று பெயர், இட்டவர் அம்மாவே.

மேல்நாட்டில் இதற்கு உறவான ஓர் இனிப்பு உண்டு, 'ஃபட்ஜ்' என்பர். அதன் கதையும் நம் போன்றோர்க்கு உகந்ததே. அமெரிக்காவின் வாசர் மகளிர் கல்லூரியில் எமிலின் ஹார்ட்ரிட்ஜ் என்னும் மாணவி 1888-இல் முப்பது பவுண்டு ஃபட்ஜ் செய்து விற்பனைக்கு வைத்தார் என அவரே எழுதிய கடிதம் கூறுகிறது. பின்னர் அது பல மகளிர் கல்லூரிகளுக்கும் பரவி, மாணவியர் விடுதி அறையிலேயே சிறு அடுப்பில் கிண்டும் இனிப்பாயிற்று. வீட்டை விட்டு வந்தவர்கள், கிடைத்த அடுப்பில், கிடைத்த நேரத்தில் செய்து, அடுத்த அறையாரோடு பகிர்ந்துண்டது அது. பெங்களூரில் வாழும் நமக்கு இது விளங்காத செய்தியா?

பதம் பார்ப்பவர்

இப்போது எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு இவ்வாறு அமைந்துவிட்டது. கலக்குவது நான் அல்லது என் மனைவி. பொத்தானை அழுத்துவது என் மகள். நிறுத்தச் சொல்வது அம்மா. நான் பலமுறை முயன்றும் அந்தப் பதத்தைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. ஒருமுறை இளகிப் போயிற்று, ஒருமுறை கல்லாயிற்று. அவர் கண்ணுக்கு மட்டும் அது தவறுவதில்லை. நாற்பது ஆண்டு கிண்டிய கை ஓய்ந்திருக்கலாம், கண் ஓயவில்லை. "எனக்கு என்ன வேலை" என்று அவர் கேட்ட கேள்விக்கு நாங்கள் யாரும் விடை சொல்லவில்லை; அவர் மறுபடி கேட்கவும் இல்லை.

பொங்கலன்று அடுத்த வீட்டுக் கன்னடக் குடும்பத்துக்கு ஒரு தட்டு அனுப்பினோம். அந்த வீட்டு அம்மையார் மறுநாளே வந்து, தமக்கும் கற்றுத்தர வேண்டும் என்றார். அம்மாவுக்குக் கன்னடம் தெரியாது. அவருக்குத் தமிழ் அரைகுறை. இருவரும் பெட்டியின் முன் அமர்ந்தனர். 'போதும்' என்பதற்குக் கன்னடத்தில் 'சாக்கு' என்பார்கள். வந்த புதிதில் அச்சொல்லைக் கேட்டுக் கோணிச் சாக்கைத் தேடியவர் எங்கள் அம்மா. அன்றோ, கலவை ஓரம் விட்டுத் திரண்ட நொடியில், பக்கத்து அறையிலிருந்த எனக்குக் கேட்கும்படி, "சாக்கு! சாக்கு!" என்று உரக்கச் சொன்னார்.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் கரண்டியைக் கீழே வைத்துவிட்ட ஒரு தாய் இருக்கலாம். வருகிற பண்டிகைக்கு ஒரு டின் வாங்குங்கள்; ஒரு நாற்காலியும் போடுங்கள். கலக்குவதை நீங்கள் செய்யுங்கள். பதத்தை அவரிடம் கேளுங்கள்.